பிடிப்பு இல்லாதவர்களின் பை

கமலவேணியின் பையில் இருபத்து மூன்று பொருட்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவளுக்காக எடுத்துக்கொண்டதல்ல.

காலை ஐந்தரைக்கெல்லாம் கைபேசியில் பட்டியல் வந்துவிடும். அவள் காப்பிகூடக் கலக்காமல் மேசைமேல் எல்லாவற்றையும் பரப்புவாள். ஊக்கு ஆறு, தையல் ஊசி, ஐந்து நிறத்தில் நூல், செருப்பு ஒட்டும் பசை, பாவாடை நாடா, மூக்குக்கண்ணாடித் திருகு, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், குழந்தைக்கான சின்னக் கரண்டி. பை அவளே தைத்தது. ஆலையில் கழித்துப் போட்ட கேன்வாஸ் துணி. கிழிவது உடைவதற்கெல்லாம் இடப்பக்கம். வலி, காயம், காய்ச்சல் வலப்பக்கம். காகிதமும் பேனாவும் நடுவில். வெளிப்புறம், உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளும் உயரத்தில், ஒரு தனி அறை. கேட்கக் கூச்சப்படும் பொருட்கள் அதில் இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் தலை குனிந்து நின்றால், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாமல் கமலவேணியால் நாப்கினைக் கைமாற்றிவிட முடியும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு கோவைக்குக் ‘கைவசம்’ என்ற செயலி வந்தபோது, நாற்பது பேர் ஏறும் மெட்ரோப் பெட்டியில் நாற்பது குடை எதற்கு என்றுதான் விளம்பரம் செய்தார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஒவ்வொருவரும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று திணித்துக்கொண்ட பைகளால் ஊரே தோள் சாய்ந்து நடந்துகொண்டிருந்தது. அந்தப் பாரத்தைக் கைவசம் பகிர்ந்து கொடுத்தது. இன்று யார் எந்த வழியாகப் போகிறார்கள், அந்த வழியில் யாருக்கு என்ன தேவைப்படக்கூடும் என்று பார்த்து, ஆளுக்கு மூன்று நான்கு பொருளை எடுத்துவரச் சொல்லும். உங்களுக்கு ஊக்கு வேண்டுமானால் கைபேசியில் கேட்டால் போதும். பக்கத்தில் ஊக்கு வைத்திருப்பவரின் கைபேசி அதிரும். அவர் வந்து கொடுத்துவிட்டுப் போவார். ஓராண்டுக்குள் மக்கள் கையை வீசிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு மூன்று நான்கு. கமலவேணிக்கு இருபத்து மூன்று. அவளுக்கு அதில் குறையில்லை. ஒண்டிப்புதூரில் மாடியில் ஒற்றை அறை. நூல் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அம்மா போய் எட்டு வருடம். தம்பி மஸ்கட்டிலிருந்து பொங்கலுக்குப் பேசுவான். நாற்பத்தெட்டு வயதில், ஒரு நாளைக்கு ஏழெட்டு முறையாவது யாரோ ஒருவருக்கு அவள் அவசரமாக வேண்டியிருந்தாள். நேர்காணலுக்குப் போகிறவனின் சட்டைப் பொத்தான். செருப்பு அறுந்து ஒற்றைக்காலில் நின்ற செவிலி. ஒவ்வொரு சந்திப்பும் நாற்பது நொடி. “தேங்க்ஸுங்க்கா” என்று சொல்லிவிட்டு அவர்கள் ஓடிவிடுவார்கள். இரவு ரசம் ஊற்றிச் சாப்பிடும்போது அந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, வழி இல்லை, பட்டியலும் வராது. அன்றைக்கு மட்டும் மெட்ரோவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்புவாள். போகிறவளுக்குப் பட்டியல் வந்துதானே ஆகவேண்டும்.

இருபத்து நான்காவதாக இடுப்பில் ஒரு சிவப்புப் பை உண்டு. ஊரில் பதினொரு பேருக்கு மட்டுமே அதைக் கொடுத்திருந்தார்கள். ரத்தம் நிறுத்தும் பட்டை, மூச்சுத் திணறலுக்கான மருந்து, ஒவ்வாமை ஊசி. அழைப்பு வந்தால் நான்கு நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் ஒரே விதி. அதற்காக இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு காலை அது அதிர்ந்தது. அவள் தினமும் வண்டி மாறும் ஹோப் காலேஜ் நிறுத்தத்தின் கீழே ஒரு பேக்கரி. ஷட்டரைத் தூக்கும்போது மேல் பெட்டிக்குள் கூடு கட்டியிருந்த குளவிகள் கலைந்து, அங்கே வேலை பார்க்கும் பெண்ணைக் கொட்டியிருந்தன. கமலவேணி போனபோது அவள் தரையில் கிடந்தாள். உதடு வீங்கிக் கண் மூடிப்போயிருந்தது. மூச்சு விசில் போலக் கேட்டது. சுற்றி நின்ற ஒன்பது பேர் கையிலும் ஒன்றுமில்லை. கமலவேணி மண்டியிட்டு, தொடையில் துணிக்கு மேலேயே ஊசியை அழுத்தி, பத்து வரை எண்ணினாள். ஆம்புலன்ஸ் வர ஆறு நிமிடம் ஆனது. அதற்குள் அந்தப் பெண் கண்ணைத் திறந்து அவளுடைய புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தாள்.

அவள் பெயர் ரஹ்மத். பத்து நாள் கழித்துக் கமலவேணி அந்த வழியாகப் போகும்போது ரஹ்மத் கடை வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. பேச்சு மட்டும் ஓயாது.

“அக்கா, நீங்கதானுங்களே? மூஞ்சி ஞாபகமில்ல. இந்தப் பையி ஞாபகமிருக்கு. என்ற கண்ணு முன்னாடி இதுதான் ஆடிட்டிருந்துச்சு.”

“இப்ப ஒடம்பு எப்படிங்க?”

“நல்லாயிருக்கறனுங்க. இந்தாங்க, தேங்கா பன்னு. சூடா இருக்குது, இங்கியே தின்னுட்டுப் போங்.”

கமலவேணி நின்றபடியே பாதியைத் தின்றுவிட்டுக் கிளம்பினாள்.

அந்த மாதக் கடைசியில் கைவசத்திலிருந்து ஒருவன் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தான். இளம்பரிதி என்று பெயர். முப்பது வயதுக்குள். பட்டியல் போடும் மென்பொருளை எழுதும் குழுவில் இருப்பதாகச் சொன்னான். சிறந்த சுமப்பாளர்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டுமாம். நூலை இழுத்து அறுத்து அதன் வலுவை அளக்கும் இயந்திரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

“ரெண்டு நிமிசம் நாப்பது செகண்ட்ல போயிருக்கீங்க மேடம். ஊர்லயே வேற ஆராலயும் முடியாது. அதுக்குக் காரணம் இருக்குதுங்க. உங்க எண்ணு சுழி, பூஜ்யம்.”

“என்ன எண்ணுங்க தம்பி?”

“பிடிப்பு எண்ணு. உள்ளுக்குள்ள அப்படித்தான் சொல்லுவோம். ஒருத்தர் போற வழியில அவங்களை என்னென்ன நிறுத்தும்னு பாப்போம். ஸ்கூல்ல இருந்து போன் வரும். ஊட்டுக்காரர் கூப்பிடுவாரு. தெரிஞ்சவங்க ரோட்டுல புடிச்சுப் பேசுவாங்க. சாதாரணமா ஒரு ஆளுக்கு நாப்பது அம்பது வந்துரும். அவங்களை நம்பி உயிர் காக்கற பொருளைக் குடுக்க முடியாதுங்க.” அவன் மனமாரப் பாராட்டுகிறவன் முகத்தோடு சிரித்தான். “உங்களை நிறுத்தறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க மேடம். ஏழு வருசமா ஒருநாள் மாறாம சுழி. சிவப்புப் பை அதுனாலதான் உங்களுக்கு.”

இயந்திரத்தில் நூல் அறுந்தது. கமலவேணி எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த நூலை மாட்டினாள்.

“மத்த பத்துப் பேரும் அப்படித்தானுங்களா?”

“ஒண்ணு, ரெண்டு இருக்கும். சுத்தமா சுழின்னா நீங்க மட்டுந்தான்.”

அன்று மாலை ரயிலில் அவள் உட்காரவில்லை. பை தோளில் முதன்முறையாக அழுத்தியது. கவனமானவள், நேரம் தவறாதவள், நம்பிக் கொடுக்கலாம் என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தாள். வீட்டுக்குப் போய் அந்த இருபத்து மூன்று பொருட்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவளுக்கு யாருமில்லை என்று சொல்வதற்காகவே வந்தவை போலத் தோன்றியது. ஆனாலும் காலையில் எடுத்து வைத்தாள். எடுத்து வைக்காவிட்டால் இன்னொரு ரஹ்மத்துக்கு யார் போவார்கள்?

புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள், பட்டியலின் மேலே புதிதாக ஒரு வரி இருந்தது. சிவப்புப் பையை நிலையத்தின் பெட்டகத்தில் ஒப்படைக்கவும். கீழே பதினெட்டுப் பொருட்கள்தான் இருந்தன. மறுவாரம் பட்டியல் ஒன்பதாகச் சுருங்கியது. அதற்கு மறுவாரம் நான்கு. ஊக்கு, பேனா, குடை, தலைவலி மாத்திரை. ஊரில் எல்லோருக்கும் வருகிற சாதாரணப் பட்டியல்.

எங்கே தாமதித்தோம் என்று ஒவ்வொரு அழைப்பையும் நினைத்து நினைத்துப் பார்த்தாள். பிறகு இளம்பரிதியின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள்.

“நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா தம்பி?”

“இருங்க மேடம், பாக்கறேன்.” தட்டச்சுச் சத்தம் கேட்டது. “தப்பெல்லாம் இல்லீங்க. எண்ணு ஏறியிருக்கு. பதினேழு.”

“அதெப்படி ஏறும்? எனக்கு ஆரு இருக்கறாங்க?”

“ஆருன்னு சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லீங்க. ஆனா, இது ரெண்டு பக்கமும் பாக்கும். நீங்க ஆருக்காக நிக்கறீங்கங்கறது பாதி. உங்களுக்காக ஆரு நிக்கறாங்கங்கறது மீதி. ஒருத்தர் தினமும் ஒரு எடத்துல உங்களை எதிர்பாத்து நின்னாலே எண்ணு ஏற ஆரம்பிச்சுரும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல.”

போனை வைத்த பிறகுதான் கமலவேணிக்குப் புரிந்தது. சில வாரங்களாகவே அவள் எட்டே காலுக்குப் பதில் எட்டு இருபத்தைந்து வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வேண்டுமென்று செய்யவில்லை. பேக்கரியைக் கடக்கும்போது ரஹ்மத் ஏதாவது பேசுவாள். மகன் திருப்பூரில் கம்பெனிக்குப் போகிறவன், போன் பண்ணுவதே இல்லை என்பாள். அடுப்பு சரியாக எரியவில்லை என்பாள். கமலவேணி ‘ம்’ போட்டுக்கொண்டு நிற்பாள். அவள் வரத் தாமதமானால் ரஹ்மத் கடைக்கு வெளியே வந்து படிக்கட்டைப் பார்ப்பாள். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவு’தான் பதினேழு.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மேசை முன்னால் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் சிரிப்பு நின்றுபோனது. ஆடி மாதத்துக் காலையில் அவளை எதிர்பார்த்து யாராவது ஒருவர் எங்காவது நின்றிருந்தால், சிவப்புப் பை அவளிடம் இருந்திருக்காது. ரஹ்மத் அந்தத் தரையிலேயே போயிருப்பாள்.

மறுநாள் கமலவேணி பேக்கரி இருக்கும் பக்கம் இறங்காமல் எதிர்ப்புறப் படிக்கட்டில் போனாள். அதற்கடுத்த நாளும். எட்டாம் நாள் பட்டியலில் ஏழு பொருட்கள் வந்தன. பத்தாம் நாள் பதினொன்று. பழையபடி கைபேசி அதிரத் தொடங்கியது. ஒரு குழந்தைக்குக் கரண்டி கொடுத்தாள். அதன் தாய் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை நடைமேடையிலேயே ரஹ்மத் நின்றுகொண்டிருந்தாள். மாவு ஒட்டிய ஏப்ரனோடு, கையில் ஒரு பொட்டலத்தோடு.

“எங்கக்கா போனீங்? ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சு நெனச்சு எனக்கு வேலையே ஓடல. ஊடும் தெரியாது, போன் நம்பரும் வாங்கி வெக்கல.”

கமலவேணி பெஞ்சில் உட்கார்ந்தாள். மறைத்துப் பேச அவளுக்கு வராது. எண், சுழி, சிவப்புப் பை, பதினேழு என்று எல்லாவற்றையும் சொன்னாள். ரஹ்மத் குறுக்கே பேசாமல் கேட்டாள். அது அவளுக்குப் புதிது.

“அப்ப எப்பவாச்சும் எவளோ ஒருத்தி விழுந்து கெடப்பான்னு, தெனமும் நிக்கற என்னைய வேண்டாங்கறீங்.”

“அப்படி இல்ல ரஹ்மத்.”

“அப்படித்தானுங்க்கா. நீங்க சொல்றதும் நாயந்தான். நான் உசுரோட இருக்கறதே அதுனாலதான்.” அவள் பொட்டலத்தின் நூலைச் சுற்றியும் பிரித்தும் கொண்டிருந்தாள். “அந்தச் சிவப்புப் பை இப்ப ஆருகிட்டயாம்?”

கமலவேணி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. தன்னிடமிருந்து போனது என்பதோடு நிறுத்திக்கொண்டாள். எங்கே போயிருக்கும் என்று நினைக்கவில்லை. அவளுக்கு அடுத்தபடியாக இந்த ஊரில் யாருமே இல்லாத ஒருவரிடம் போயிருக்கும்.

அங்கேயே இளம்பரிதியைக் கூப்பிட்டாள்.

“சொல்ல முடியாதுங்க மேடம்,” என்றான். “நல்லா பாத்துக்கறாங்க. அது மட்டும் சொல்றேன்.”

வைத்துவிட்டான்.

“சொல்லாட்டிப் போறான்,” என்றாள் ரஹ்மத். “உங்க வழிக்கு இப்ப அவங்கதான வரோணும்? கூப்பிட்டாத் தெரிஞ்சிட்டுப் போகுது.”

“சிவப்புப் பையைச் சும்மா கூப்பிடக் கூடாது. அது பாவம்.”

“அதைய ஏன் கூப்பிடறீங்? என்ற ஏப்ரன் நாடா பிஞ்சு ஒரு வாரமாச்சு. ஊசி நூலு கேளுங்க. அத்தனையும் அவங்க தலையிலதான கட்டியிருப்பாங்க.”

ஏழு ஆண்டுகளில் கமலவேணி ‘வேண்டும்’ என்ற பொத்தானை ஒருமுறைகூட அழுத்தியதில்லை. அது திரையில் எந்த மூலையில் இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அழுத்தினாள். ‘வருகிறார், ஒரு நிமிடம் ஐம்பது நொடி’ என்று காட்டியது.

நகரும் படிக்கட்டில் ஒருவன் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். தோளில் நிறைய அறைகள் வைத்த பை. இடுப்பில் சிவப்பு. மேலே வந்ததும் கைபேசியைப் பார்த்து, பெஞ்சைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டான்.

இளம்பரிதி.

அவன் கிட்டே வந்து பையைத் திறந்தான். உள்ளே எல்லாம் ஒழுங்கில்லாமல் கிடந்தன. கிளறித்தான் ஊசியை எடுக்க வேண்டியிருந்தது.

“நூல் என்ன கலருங்க?”

“எப்ப தெரிஞ்சுது தம்பி?” என்று கேட்டாள் கமலவேணி.

“உங்க எண்ணு ஏறினப்ப, அடுத்தது ஆருன்னு மெஷின் எடுத்துச்சுங்க.” அவன் நூல் கண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “குறியீட்டு எண்ணாத்தான் வரும், பேரு வராது. நானும் ஒப்புதல் குடுத்துட்டேன். காலைல என்ற போனுக்குப் பட்டியல் வந்துச்சு.”

“ஊட்டுல?”

“அப்பா அம்மா இல்லீங்க. ஃப்ரெண்ட்ஸெல்லாம் பெங்களூர், ஹைதராபாத். மெசேஜ்ல பேசுவோம். அது கணக்குல வராது, ஆரையும் நிறுத்தாதுன்னு நாந்தான் எழுதினேன்.” சிரிக்கப் பார்த்தான். “அன்னிக்கு உங்ககிட்ட வந்து பெருமையாச் சொன்னேன் பாருங்க. மன்னிச்சுக்குங்க மேடம்.”

கமலவேணி ஊசியை வாங்கிக்கொண்டாள். அவனுடைய வலது சட்டைக்கையில் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் ஐந்து நிற நூல் வைத்திருக்கிறவனின் சட்டை அது. அவள் ஏப்ரனை விட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“உக்காருங்க.”

“வேண்டாங்க. கூப்பிடுவாங்க.”

“கூப்பிட்டாப் போலாம். கையை ஆட்டாதீங்க, குத்திரும்.”

அவன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். ஒரு கால் ஓடுவதற்குத் தயாராகவே முன்னால் இருந்தது. கமலவேணி வெள்ளை நூலைக் கோத்துப் பொத்தானுக்குள் விட்டு எடுத்தாள். ரஹ்மத் பொட்டலத்தைப் பிரித்து அவன் இன்னொரு கையில் ஒரு பன்னை வைத்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாதவன் போல அவன் பிடித்துக்கொண்டிருந்தான்.

“மேடம், இப்படி உக்காந்தா என் எண்ணும் ஏறிரும்,” என்றான் மெதுவாக. “அடுத்த ஆளு சூலூர்ல இருக்காங்க. இந்த வழிக்கு நாலு நிமிசத்துல வர முடியாது.”

கமலவேணி ஊசியை இன்னொரு முறை உள்ளே விட்டாள்.

அப்போது அவன் இடுப்பில் அதிர்ந்தது. மூவரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள். பீளமேடு. படிக்கட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். கமலவேணி குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

“ஓடுங்க.”

அவன் பன்னை ரஹ்மத்தின் கையில் திணித்துவிட்டு ஓடினான். கிளம்பவிருந்த எதிர்ப்புற வண்டியின் கதவு இடுக்கில் அவனுடைய பை மாட்டி, விடுபட்டு, உள்ளே போனது. வண்டி கண்ணிலிருந்து மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரன் நாடாவைத் தைத்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. எட்டு நாற்பது வண்டி வருவதாக அறிவித்தார்கள். அதைவிட்டால் கமலவேணி வேலைக்குத் தாமதம்.

“திரும்பி வருவாரா?” என்றாள் ரஹ்மத். அவன் விட்டுப்போன பன்னை மறுபடி தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

“தெரியல. நாம இன்னும் இங்கியே இருக்கறம்னு அவருக்குத் தெரியாது.”

“நாம அவருக்காக நிக்கறதும் கணக்குல ஏறுமாக்கா?”

“ஏறும்.”

“அப்ப பையி சூலூர்க்காரங்களுக்குப் போயிருமே.”

“போகும்,” என்றாள் கமலவேணி. “ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இல்ல. சூலூருக்கு ஒரு எட்டுப் போயி அவங்களையும் பாத்துட்டு வரலாம். அதுவரைக்கும் அந்த அலர்ஜி ஊசி எங்க கெடைக்குதுன்னு விசாரிச்சு, உன்ற கடையில ஒண்ணு வாங்கி வெய்யி. போட நான் சொல்லித் தர்றேன்.”

வண்டி வந்தது. கதவுகள் திறந்தன. உள்ளே இருந்தவர்கள் வெறுங்கையோடு நின்று வெளியே பார்த்தார்கள். கதவுகள் கொஞ்ச நேரம் திறந்தே இருந்து, பிறகு மூடிக்கொண்டன. பெஞ்சில் இருந்த இருவரும் எழுந்திருக்கவில்லை.